இருந்து சாப்பிட்டவர்

"டு கோ?" என்று கேட்பாள் கடைக்காரி.

"நோ கோ," என்பார் அக்கா. "சிற்."

அவருடைய ஆங்கிலம் இவ்வளவுதான் என்று நினைத்துவிடாதீர்கள். வைத்தியரிடமும் பஸ் சாரதியிடமும் வேண்டிய அளவு பேசுவார், வேண்டியதற்கு மேலும் பேசுவார். ஆனால் அந்த வியட்நாமியப் பாண் கடையின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது இந்த மூன்று சொற்கள் போதும் என்று தீர்மானித்திருந்தார்.

மில்லிக்கன் பக்கம், ஸ்டீல்ஸ் வீதிக்குச் சற்றுத் தெற்கே, ஒரு பிளாசாவின் மூலைக்கடை அது. ஒரு பக்கத்தில் எங்கள் ஆட்களின் மரக்கறிக் கடை, மறு பக்கத்தில் பல் வைத்தியர். வாசலில் கார்கள் என்ஜினை நிறுத்தாமலே நிற்கும். ஆட்கள் ஓடி வருவார்கள், பலகையைப் பார்த்து இலக்கம் சொல்வார்கள், கடதாசியில் சுற்றி றப்பர் வளையம் போட்ட நீட்டுப் பாணைப் பறித்துக்கொண்டு ஓடுவார்கள். காருக்குள் இருந்தபடி அதைப் பிய்த்து விழுங்கி, மடியெல்லாம் பாண்துகள் கொட்ட, சிவப்பு விளக்கில் நெஞ்சைத் தட்டிக்கொண்டு போவார்கள். நானும் அப்படிப் போனவள்தான்.

கடைக்குள் மூன்று மேசைகள். ஒன்றில் வெற்றுப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். இன்னொன்றில் கடைக்காரியின் கணவர் பத்திரிகை விரித்திருப்பார். மூன்றாவது கதவோரம். கதவு திறக்குந்தோறும் குளிர் நேரே வந்து முழங்காலில் ஏறும். அதுதான் அக்காவின் மேசை. கோட்டைக் கழற்றிக் கதிரையின் முதுகில் போடுவார். கையுறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பார். பிறகு இருப்பார். எழும்பும் எண்ணமே இல்லாதவர் இருப்பதுபோல, முழுப் பாரத்தையும் கதிரைக்குக் கொடுத்து இருப்பார். கடதாசியை அரைவாசிக்குச் சுருட்டி, பாணின் நுனியைக் கடிக்கும்போது அந்த மொறுமொறுப்பு கணவரின் பத்திரிகையைத் தாண்டிக் கேட்கும். உள்ளே காடியில் ஊறிய கரட், முள்ளங்கி, நீளமாய் ஒரு வெள்ளரித் துண்டு, காம்போடு கொத்தமல்லி, பச்சைமிளகாய். இடையிடையே ரின்பால் விட்ட கோப்பியில் ஒரு வாய். விழுந்த துகள்களை விரலால் ஒற்றி எடுத்து அதையும் சாப்பிடுவார். அரை மணித்தியாலம். சில நாள் முக்கால்.

"கால் நிக்கேக்கை வாய் அவசரப்படும்," என்பார். "முதல் இரும் பிள்ளை. பசி எங்கையும் ஓடாது."

நான் அவருடைய தம்பி வீட்டு பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தேன். முப்பத்தெட்டு வயது, தனி ஆள், இரண்டு சூட்கேஸ். மேலே இருப்பவர்களை முதலில் காலால்தான் அறிந்தேன். தம்பி குதிக்காலால் நடப்பார். அவரை நான் அண்ணை என்பேன், அவர் மனைவியை அண்ணி என்பேன். அண்ணியின் செருப்பு தரையைத் தேய்க்கும். இரண்டு பிள்ளைகளும் எங்கும் நடந்ததில்லை, ஓடினார்கள். அக்காவுடையவை வெறும் கால்கள். அடுப்புக்கும் சிங்குக்கும் நடுவே, சிங்குக்கும் அடுப்புக்கும் நடுவே. பின்னேரச் சாப்பாட்டுக்கு நான்கு கதிரைகள் இழுபடும். எண்ணிக்கொண்டே படுத்திருப்பேன், ஐந்தாவது இழுபட்டதே இல்லை. நான்கும் திரும்ப உள்ளே தள்ளப்பட்ட பிறகு அந்த வெறும் கால்கள் சிங்கடியில் ஒரே இடத்தில் பத்து நிமிடம் நிற்கும். பிறகு தண்ணீர்ப் பைப் திறபடும். அந்தப் பத்து நிமிடம்தான் அவருடைய சாப்பாடு.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அவரை எவரும் நின்று சாப்பிடச் சொல்லவில்லை. "அக்கா, நீயும் இருந்து சாப்பிடன்," என்று தம்பி சொல்வார். சொல்லும்போதே தன் தட்டையும் நீட்டுவார். அதில் சொதி விடவேண்டும். கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் அக்கா ஒரு வருடத்தில் வெளியேறியிருப்பார். முதற்பிள்ளை பிறந்தபோது ஆறு மாதத்துக்கென்று அழைக்கப்பட்டவர். நான் குடியிருந்த நாளில் அந்தப் பிள்ளை மீசை வழிக்கத் தொடங்கியிருந்தான்.

ஒரு நாள் நானும் அவரும் மரக்கறிக் கடைக்குப் போய்த் திரும்புகையில் பாண் கடைக்குள் ஏறினோம். வழமைபோல, கையில் கொண்டுபோக, எனக்கு 'டு கோ' என்றேன். அக்கா என் பையை வாங்கினார், றப்பர் வளையத்தைக் கழற்றித் தன் மணிக்கட்டில் போட்டார், பாணை மேசையில் வைத்தார்.

"இரும்."

"கார் வாசலிலை நிக்குது அக்கா."

"நிக்கட்டும். நாங்கள் இருப்பம். அதுக்கென்ன, காலா உளையப்போகுது?"

இருந்தேன். வந்து பதினொரு வருடத்தில், வேலையிடத்துக் கதிரையைத் தவிர, இந்த ஊரில் நான் ஒரு காரணமும் இல்லாமல் இருந்த முதல் கதிரை அது என்று நினைக்கிறேன்.

அடுத்த மாசி மாதம் போனபோது கதவோரத்து மேசை இல்லை. அந்த இடத்தில் குளிர்பானப் பெட்டி ஒன்று ஒளிவிட்டுக்கொண்டு நின்றது. கடைக்காரி கைகளை விரித்தாள். இடமில்லை, வியாபாரம், என்ன செய்வது. அக்கா தலையாட்டினார். பாணை வாங்கினார். கடைக்குப் பின்பக்கம் போய், பால் போத்தல் வருகிற பிளாஸ்ரிக் கூடை ஒன்றைத் தூக்கி வந்தார். மேசை நின்ற அதே இடத்தில் அதைக் கவிழ்த்து வைத்து, குளிர்பானப் பெட்டியில் முதுகு சாய்த்து இருந்து, சாப்பிட்டார். கோலா எடுக்க வந்த ஒவ்வொருவரும் "எக்ஸ்கியூஸ் மீ" சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் அன்பாகத் தலையைச் சரித்து வழிவிட்டார், எழும்பவில்லை. மூன்று கிழமை. நான்காவது கிழமை மேசை திரும்பி வந்திருந்தது. குளிர்பானப் பெட்டி கணவரின் பத்திரிகை இருந்த இடத்துக்குப் போய்விட்டது. பாவம், மனிதர் அதன்பின் நின்றபடி படித்தார்.

"யூ ட்ரபிள்," என்றாள் கடைக்காரி, கோப்பியை வைத்துக்கொண்டு.

"யேஸ்," என்றார் அக்கா.

கதவோரத்துச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடி என்றால் உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியும், வெளியே போகிறவருக்கு உள்ளேயும் தெரியும். பிளாசாவுக்கு வருகிற எங்கள் சனம் மரக்கறிப் பையோடு நின்று பார்க்கத் தொடங்கியது. வீட்டில் சாப்பாடு கொடுக்கிறதில்லையோ என்ற கதை அண்ணியின் காதுக்கு வர, அண்ணி அழுதார். உண்மையாகவே அழுதார்.

"ஏனக்கா, ஊர் பாக்க அந்தக் கண்ணாடிக்குள்ளை போய் இருக்கிறாய்?" என்று தம்பி கேட்டது எனக்கு ஹீற்றர் குழாய் வழியாகத் தெளிவாகக் கேட்டது. "வாங்கிக்கொண்டு வந்து வீட்டை இருந்து சாப்பிடன். ஆறு கதிரை கிடக்கு."

"கதிரை கிடக்குத்தான். நான் இருந்தால் ஆர் எழும்புறது?"



அக்கா இப்போது எங்கே என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அதற்கடுத்த வருடக் கோடையில் வெக்ஸ்போர்ட்டில் ஓர் அறை எடுத்துப் போனார், அதுவரை தெரியும். நானும் வேலை தேடி மார்க்கம் நகருக்கு மாறினேன். தொலைபேசி இலக்கங்கள் மாறின. பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆனால் அவர் அங்கிருந்து எழும்பிப் போவதற்கு முன், அந்த வீட்டிலேயே ஒரு தடவை இருந்தார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

கந்தசஷ்டி. ஆறு நாள் விரதம், நாளுக்கு ஒரு நேரச் சாப்பாடு, அதுவும் மரக்கறி. ஏழாம் நாள் காலை பாறணை, விரதம் பிடித்தவர்கள் ஒன்றாக இருந்து வயிறார உண்டு விரதத்தை முடிப்பது. நான் வேதக்காரி, மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். எனக்கு இது அக்கா மூலம்தான் தெரியும். அவர் முருகனைக் கும்பிடுவது ஒரு பிடிவாதக்காரி இன்னொரு பிடிவாதக்காரனைப் பார்ப்பதுபோல இருக்கும். சிரித்துக்கொண்டு, விட்டுக்கொடுக்காமல். தம்பியோ கோயில் நிர்வாகத்தில் இருப்பவர். வருடந்தோறும் பாறணைக்கு அவர் வீட்டில் இருபது பேர். இருபது பேருக்கும் அக்கா ஒருவரே சமைப்பார், ஆறு நாள் வாடிய வயிற்றோடு. எல்லோரும் உண்டு கை கழுவிய பின், சிங்கடியில், அதே பத்து நிமிடம்.

அந்த வருடம் நான்காம் நாள் எனக்கு வேலை இல்லை. அக்காவைப் பாண் கடைக்குக் கூட்டிப்போனேன். அவருடைய அன்றைய ஒரு நேரச் சாப்பாடு அங்கேதான். தோஃபு, சோயாவில் செய்கிற அந்தக் கட்டி. கடைக்காரிக்கு அக்காவின் விரதம் மனப்பாடம். வெள்ளையாய்ப் பூசுவது முட்டை சேர்ந்தது, அது வேண்டாம். மீன் சோஸ் வேண்டாம். வேறு கத்தி எடுத்துக் காட்டினாள், கையுறை மாற்றிக் காட்டினாள். சோயாச் சோஸில் பிரட்டிப் பொரித்த தோஃபு கரும்பழுப்பாய்ப் பாணுக்குள் அடங்கியது. தூரத்திலிருந்து பார்த்தால் எந்த இறைச்சி என்றும் சொல்லலாம். அக்காவின் தலைக்கு நேர்மேலே, கண்ணாடியில், சுட்ட பன்றியிறைச்சிப் பாணின் பெரிய படம் ஒட்டியிருந்தது.

வெளியே கோயிலில் பஜனை படிக்கிற அன்ரி ஒருவர், கையில் கீரைப்பை. நின்றார். படத்தைப் பார்த்தார். அக்காவின் வாயைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

அக்கா பாண் பிடித்த கையை உயர்த்தி அவருக்கு ஆட்டினார்.

"ஐயோ அக்கா, உவ பிழையா விளங்கிக்கொண்டு போறா. நான் ஓடிப்போய்ச் சொல்லட்டே?"

"என்னத்தை?"

"தோஃபு எண்டு."

"உவ கேட்டவவே?" என்றார். மென்று முடித்தார்.

ஐந்தாம் நாள் பின்னேரம் எனக்கு மேலே எல்லாக் கால்களும் ஒரே அறையில் கூடின.

"சஷ்டியிலை பண்டி தின்னுறியாம். கோயில் முழுக்கக் கதை. இல்லையெண்டு ஒரு வார்த்தை சொல்லு, நான் அவையளுக்குச் சொல்லிப்போடுறன்," என்றார் தம்பி.

"முப்பது வருசத்துக்கு மேலை பிடிக்கிறன். ஒரு வருசமாவது கேட்டனியே, பிடிச்சனியோ, களைச்சுப்போனியோ எண்டு? இப்ப ஏன் கேக்கிறாய்?"

"அக்கா, சொல்லு."

"முருகனுக்குத் தெரியும். அவர் கேட்டால் சொல்லுறன்."

"அப்ப நாளையிண்டைக்குப் பாறணைச் சமையலிலை நீ கை வைக்கப்படாது. அடுப்படிக்கையே வரப்படாது. தெரியுதோ?"

  கூரையில் ஒரு கதிரை இழுபட்டது. மெதுவாக, மரத்தில் கோடு போடுவதுபோல. அதில் ஒரு பாரம் இறங்கியது.

"சரி," என்றார் அக்கா.

மறுநாள் காலை அவர் கீழே வந்தார். என் கட்டில் நுனியில் இருந்தார்.

"மச்சாள், உம்மடை அண்ணி, உம்மட்டை வருவா. இருபது பேருக்கு ஆர் சமைக்கிறதெண்டு இரவு முழுக்க யோசிச்சிருப்பா. நீர் தோஃபு எண்டு சொன்னீரோ, அந்த உண்மையைப் பிடிச்சு என்னைத் திரும்ப அடுப்படிக்கை தள்ளிப்போடுவினம். விளங்குதோ?"

"பாவமில்லையே அக்கா? விரதத்தை முறிச்சவ எண்டெல்லோ சனம் கதைக்கும்?"

"கதைக்கட்டும். சனத்துக்கு விரதம் பிடிக்கேல்லை நான்."

 அந்தக் கதை அவரைச் சுட்டது, சுடாமல் இல்லை. முருகனை வைத்து அவரைப் பழித்தார்கள்; அவருக்கென்று இருந்த ஒரே சொத்தில் கைவைத்தார்கள். இருந்தும் அந்தச் சூட்டை விட அடுப்பின் சூடு அவருக்குப் பெரிதாகிவிட்டிருந்தது.

மத்தியானம் அண்ணி படியிறங்கி வந்தார், கண்ணின் கீழ் கறுப்பு வளையத்தோடு.

"பிள்ளை, நீர் கூடப் போனனீர்தானே. சைவம்தான் சாப்பிட்டவ எண்டு ஒரு சொல்லுச் சொல்லும், காணும். இவரை நான் சமாளிக்கிறன். மச்சாளும் பாவமெல்லே, அடுப்படி இல்லாட்டி என்ன செய்வா?"

பின்னாலேயே தம்பியும் வந்தார். அவருக்குப் பின்னால், படியின் மேற்தட்டில், அக்கா. அவர் நிற்கவில்லை. படியில் இருந்தார்.

"நீர் வேதக்காரப் பிள்ளை," என்றார் தம்பி. "உமக்கு இதிலை ஒரு பக்கமும் இல்லை. உள்ளதைச் சொல்லும். அக்கா என்ன சாப்பிட்டவ?"

உண்மை என் நாக்கின் நுனியில் நின்றது. சின்ன உண்மை, விரலளவு, சோயாச் சோஸ் மணத்தோடு. அதைச் சொன்னால் அவர் மானம் திரும்பும். மானம் திரும்பிய கையோடு கரண்டியும் திரும்பும். ஒரு மனிசியைச் சுத்தமானவள் என்று நிரூபித்து அவளைத் திரும்ப நிற்கவைக்கிற உண்மை எனக்கு எதற்கு?

"பண்டி, அண்ணை," என்றேன். போதாதென்று பட்டது. "ரெண்டு சாப்பிட்டவ."

அண்ணி நெற்றியில் கை வைத்தார். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று தம்பி நினைத்திருப்பார். தோள் குலுங்கிய விதம் எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு பாவசங்கீர்த்தனத்தில் அந்தப் பொய்யை நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

பாறணைக் காலை. வருடந்தோறும் போல என்னையும் மேலே கூப்பிட்டிருந்தார்கள். கடையொன்றிலிருந்து சோறும் கறியும் தட்டங்களில் வந்திருந்தன. பருப்பு மட்டும் அண்ணி வைத்தது. விரிப்புகளில் இரண்டு வரிசையாகச் சனம் இருந்தது, முன்னால் இலைகள். பஜனை அன்ரியும் இருந்தார். தம்பி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சோற்றுத் தட்டத்தோடு நின்றார்.

அக்கா குளித்து, ஈரக் கூந்தலை முடிந்து, திருநீறு பூசி வந்தார். முன்வரிசையில் முதல் இலைக்கு முன்னால் இருந்தார். சப்பாணி கட்டி, சேலையை மடியில் செருகி, ஒரு மாதம் இருக்க வந்தவர்போல.

 "பண்டி திண்டவையும் பாறணைக்கு இருக்கலாமோ?" என்று பஜனை அன்ரி கூரையைப் பார்த்துக் கேட்டார்.

"பிடிச்சவை இருக்கலாம்," என்றார் அக்கா. "நான் பிடிச்சனான்."

"அப்ப கீழ் வீட்டுப் பிள்ளை சொன்னது?" என்றார் தம்பி.

எல்லாத் தலைகளும் என் பக்கம். நான் என் இலையின் நரம்புகளை எண்ணினேன்.

"ரோட்டிலை கண்டவ சொன்னதை நம்பினாய். அந்தப் பிள்ளை சொன்னதை நம்பினாய். இப்ப நான் சொல்லுறன்," என்றார் அக்கா. குரல் ஏறவில்லை. "ஆறு நாளும் பிடிச்சனான். பசிக்குது. சோத்தைப் போடு."

தம்பி அசையவில்லை. சோற்றின் ஆவி அவர் முகத்தில் அடித்தது. இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு கிழவர், "தம்பி, உங்கட வழக்கைப் பிறகு பேசுங்கோ. கண் இருட்டுது எனக்கு," என்றார். யாரோ சிரித்தார்கள். தம்பி குனிந்தார். முதல் இலையில் சோறு விழுந்தது. பருப்பு விழுந்தது.

அக்கா பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடி மென்றார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"பருப்புக்கு உப்புக் காணாது, தம்பி."

பக்கத்து இலையில் இருந்த அண்ணி எழும்பப் பார்த்தார். அக்கா இடக்கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "நீரும் இரும்," என்றார்.

 தம்பி தட்டத்தை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். ஓர் அலுமாரிக் கதவு திறந்து மூடியது. அடுத்தது. அதற்கடுத்தது. லாச்சிகள் இழுபட்டன. போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டின. 

"உப்பு எங்கையப்பா கிடக்குது?" என்று குரல் வந்தது.

அண்ணி வாயைத் திறந்தார். அக்காவைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

அக்கா அடுத்த பிடியை உருட்டினார்.